மார்க் மட்டும் பார்த்தால் போதுமா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில், பிள்ளைகளின் படிப்பு பற்றி ஆற்றிய உரை)



நம்ம குழுவுக்கு வங்கிக் கடன் வேணும்னா முதலில் தரம் பார்க்கிறார்கள். ஒரு நாள் கூட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. வருகை, சேமிப்பு, கடன் திரும்பிய விதம், தீர்மான நோட்டு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அதே சமயம், ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதின நோட்டை வைத்து நல்ல குழு என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மதிப்பிடுவதும் இப்படித்தான். ஒவ்வொரு முறையிலும் நன்மை உண்டு, ஆபத்தும் உண்டு.

முதலில் எழுத்துத் தேர்வு. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். இது நல்லதுதான். ஆனால் அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் வருஷத்து உழைப்பு போச்சு. மனப்பாடம் செய்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும். 38 மார்க் வாங்கிய பிள்ளைக்குக் கணக்கு தெரியலையா, கேள்வியை வாசிக்கத் தெரியலையா? மார்க் அதைச் சொல்லாது.

2007-08ல் தமிழ்நாடு முழுக்க ஆரம்ப வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளை வைத்து, ஏணிப்படி மாதிரி, பிள்ளை தன் வேகத்தில் ஏறும். மதிப்பீடும் ஒரு அட்டையாகவே இருந்ததால் பரீட்சை பயம் இல்லை. ஆனால் ஒரே டீச்சர் பல வகுப்பைப் பார்க்கும் பள்ளியில், ஒரு பிள்ளை ஒரே படியில் நின்றுவிட்டாலும் கவனிக்க ஆள் இருக்காது.

2012-13ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வகுப்பில் செய்யும் செயல்பாடு, சிறு தேர்வுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. இதற்கு வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று பெயர். ஒரு நாள் பாரம் குறைந்தது. ஆனால் ஆபத்து எங்கே? விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டின பிறகு வீடு திரும்பும் தாய், சார்ட்டுக்கும் படத்துக்கும் காசு தேட வேண்டியிருக்கு. கடையில் எடுத்த படத்தை ஒட்டினால் மார்க் வரும், படிப்பு வராது.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கும் முறை. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தானே கைகொடுக்க முடியும்? ஆனால் “நீ இன்னும் அரும்புதான்” என்று கேலி பேசினால் பிள்ளை மனசு ஒடிஞ்சு போகும். நிலை என்பது மாற வேண்டியது, பட்டப்பெயர் அல்ல.

2010ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தால் எட்டு வரை ஃபெயில் இல்லை என்றானது. பாதியில் படிப்பை விடாமல் இருக்க அது உதவியது. 2019ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்ததால் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. ஆனால் பாஸ் என்றால் எல்லாம் தெரியும் என்று அர்த்தமில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை பத்தாம் வகுப்பில்தான் மாட்டிக்கொள்ளும். அப்போது “இவளுக்குப் படிப்பு ஏறலை” என்று தோட்ட வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பிவிடுகிறோம். குறை பிள்ளையிடமா, கவனிக்காத நம்மிடமா?

ஆகவே சகோதரிகளே, மூன்று காரியம் செய்யுங்கள்.

1. வாரம் ஒருநாள் பிள்ளையைப் பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். நமக்கு எழுத்து தெரியாவிட்டாலும் தடுமாறுவது காதுக்குத் தெரியும். பாஸ்புக் பாக்கியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

2. டீச்சரிடம் “எத்தனை மார்க்?” என்பதோடு நிறுத்தாமல், “எது வருது, எது வரலை, நாங்க என்ன செய்யணும்?” என்று கேளுங்கள்.

3. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். குழுக் கூட்டத்தில் வரவு செலவு கேட்கும் நாம், அங்கே பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.