பர்மிய மக்களாட்சியும் இந்திய எல்லையும்: ஒரு பழைய வழக்கு

  

அயல்நாட்டு மக்களாட்சிக்குத் துணை நிற்பது நம் பாதுகாப்புக்குக் கேடா? இந்தத் துறையில் நெடுநாளாக நடக்கும் வழக்கு இது. கேடுதான் என்பவர்கள் காட்டும் சான்றும் உங்களுக்குத் தெரியும்: பர்மா. அந்தச் சான்றை இன்று முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்பை ஏற்றேன்.

1988-இல் ரங்கூன் வீதிகளில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது ராஜீவ் காந்தி அரசு போராடியவர்கள் பக்கம் வெளிப்படையாக நின்றது. தப்பி வந்த மாணவர்களுக்கு எல்லையில் புகலிடம் கொடுத்தது. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு இராணுவ ஆட்சியைக் கடுமையாகச் சாடியது. முன்னாள் பிரதமர் ஊ நூவின் மகள் தான் தான் நூ அதில் பணியாற்றினார். 1990-களில் காற்று மாறியது. பர்மாவில் சீனாவின் கை ஓங்கியது. வடகிழக்குக் கிளர்ச்சியாளர்கள் எல்லைக்கு அப்பால் முகாமிட்டிருந்தார்கள். 1993-இல் வெளியுறவுச் செயலர் ஜே. என். தீட்சித் ரங்கூன் சென்றார். 1994-இல் எல்லை வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது.

இனி, கேடுதான் என்று வாதிடும் என் நண்பர்கள் விடாமல் எடுத்துவைக்கும் 1995. வங்கதேசக் கடற்கரையில் ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு மிசோரம் எல்லையோரமாக மணிப்பூர் நோக்கி நகர்ந்த கிளர்ச்சியாளர் அணியை நம் படை மடக்கியது. 'ஆபரேஷன் கோல்டன் பேர்டு' என்று அதற்குப் பெயர். அந்நேரத்தில் 1993-ஆம் ஆண்டுக்கான நேரு விருது பர்மிய மக்களாட்சித் தலைவர் ஆங் சான் சூகிக்கு என்று டெல்லி அறிவித்தது. சினமுற்ற பர்மிய இராணுவம் ஒத்துழைப்பிலிருந்து விலகியது, பலர் தப்பினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பர்மியப் படை அதில் எந்த அளவுக்கு இறங்கியிருந்தது என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. இருந்தாலும் கதையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஒரு விருது ஒரு நடவடிக்கையைக் கெடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் மௌனம் காத்தோமே, அந்த மௌனம் என்ன வாங்கித் தந்தது?

2001-இல் எல்லையை ஒட்டிய தமு பகுதியில் பர்மிய இராணுவம் மணிப்பூர் கிளர்ச்சியாளர்களைப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. 2004-இல் பர்மிய இராணுவ ஆட்சித் தலைவர் ஜெனரல் தான் ஷ்வேக்கு டெல்லியில் அரசு வரவேற்பு. 2007 செப்டம்பரில் இராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிக்குகள் தெருவில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது நம் பெட்ரோலிய அமைச்சர் முரளி தியோரா அங்கே எரிவாயு ஒப்பந்தங்களுக்காகப் போயிருந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றும் தீரவில்லை. 2012-இல் நாகா கிளர்ச்சியாளர்களின் காப்லாங் பிரிவோடு பர்மா போர்நிறுத்தம் செய்துகொண்டது. அதே பிரிவு 2015 ஜூன் 4 அன்று மணிப்பூரின் சந்தேல் மாவட்டத்தில் நம் வீரர்கள் 18 பேரைக் கொன்றது. பர்மாவுக்குள் தாகாவில் இருந்த அவர்களது தலைமை முகாமை பர்மிய இராணுவம் கைப்பற்றியது 2019-இல். கிளர்ச்சியாளர்கள் 22 பேரை நம்மிடம் ஒப்படைத்தது 2020-இல். அப்போது பர்மியத் தலைநகர் நேப்பிடாவில் இருந்தது சூகியின் கட்சி அமைத்த, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. அதைச் செய்தது இராணுவம்தானே என்பீர்கள். ஆம். ஆனால் மக்கள் வாக்களித்த அரசு இருந்த ஆண்டுகளில்தான் செய்தது. தளபதிகள் தனியாக ஆண்ட காலத்தில் நமக்குக் கிடைத்தது, பிடித்துப் பின் விடுவித்த கைதிகள்.

இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய 2021 பிப்ரவரி 1-க்குப் பின் கணக்கு இன்னும் தெளிவாகிறது. அதைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் நாம் வாக்களிக்காமல் ஒதுங்கினோம். பர்மா வழியாக நம் வடகிழக்கைக் கடலோடு இணைக்க 2008-இல் ஒப்பந்தமான கலடான் திட்டத்தின் சித்வே துறைமுகம் 2023-இல் திறந்தது. 2024 ஜனவரியில் அந்த வழியிலுள்ள பலெட்வா, இராணுவத்தோடு போரிடும் அரக்கான் படையின் கைக்குப் போயிற்று. 1,643 கி.மீ. எல்லையின் பெரும்பகுதியில் மறுபுறம் இராணுவ ஆட்சியின் அதிகாரம் இல்லை. பர்மாவிலிருந்து தப்பி வந்த 30,000-க்கும் மேற்பட்ட சின் மக்களுக்குச் சோறு போட்டது மிசோரம். திருப்பி அனுப்பச் சொன்னது டெல்லி. யாரைத் திருப்தி செய்ய மௌனம் காத்தோமோ அவர்களால் நம் எல்லையைக் காக்க முடியவில்லை. நேற்று நாம் கைவிட்டவர்களின் பிள்ளைகளிடம்தான் இன்று சாலைக்கு வழி கேட்க வேண்டியிருக்கிறது.

இதே வழக்கில் இன்னொரு சான்றான நேபாளத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் போய்விட்டது. 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் எட்டிய 12 அம்ச உடன்பாட்டுக்கு நாம் இடம் கொடுத்தோம். 2006 ஏப்ரலில் மன்னர் பக்கம் சாயப் பார்த்துச் சட்டென்று திருத்திக்கொண்டோம். அந்தத் திருத்தம் தனி ஆய்வுக்குரியது. அயல்நாட்டுக்குத் தரும் துணையை நிறுத்தினால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்கா 2025-இல் தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டைக் கலைத்ததையும், தாய்லாந்து எல்லையில் பர்மிய அகதிகளுக்கான மருத்துவமனைகள் மூடப்பட்டதையும் இதோடு சேர்த்து எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை பல. பர்மிய ஒலிபரப்பில் பணியாற்றியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் உள்ள சர்ச்சுகளின் நிவாரணக் கணக்குகளைப் பார்க்க வேண்டும். பர்மாவிலிருந்து வெளியேறி மணிப்பூர் மோரேயில் குடியேறிய தமிழர்களிடம் எல்லை வணிகம் பற்றிக் கேட்க வேண்டும். அதற்கு நம் மொழியே போதும். பர்மிய மொழி கற்க முன்வரும் ஒரு மாணவருக்காவது இந்த அறக்கட்டளை உதவித்தொகை வழங்க வேண்டும் என்று இதை நிறுவிய குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.