கதையில் பதைப்பு பிறக்கும் இடம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கதை சொல்லும் போட்டியில் நம் பிள்ளைகள் பலர் முடிவை மூடி மூடி வைக்கிறார்கள். கடைசியில் 'படார்' என்று போட்டு உடைத்தால் அவையோர் அசந்துவிடுவார்கள் என்று நினைப்பு. அசரலாம். ஆனால் அது திகைப்பு, பதைப்பு வேறு.

திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவிடம் இந்த வேறுபாட்டை விளக்கினார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருக்கிறது. நமக்குச் சொல்லாமலே வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களை ஊர்க்கதை பேசவிட்டால் 15 நிமிடம் தவிப்பு. 'பேசினது போதும், எழுந்து ஓடுங்கப்பா!' என்று நம் வாயே கத்தும்.

இதென்ன புதுச் சரக்கா? சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் புரட்டுங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்தான் என்பது நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. அவனிடமே போய்ச் சிலம்பை விலை பேசுகிறான்! 'இங்கேயே இருங்கள்' என்று சொல்லிவிட்டுக் கொல்லன் அரண்மனைக்குப் போகிறான். கோவலன் நம்பிக் காத்திருக்கிறான். அங்கே மன்னன் வாயிலிருந்து ஆணை பிறந்துவிடுகிறது. காவலர் வருகிறார்கள். அப்போதும் இளங்கோவடிகள் நம்மை விடவில்லை. 'இவரைப் பார்த்தால் கள்வராகத் தெரியவில்லையே' என்று காவலர் தயங்குகிறார்கள். அப்பாடா என்று நமக்கு மூச்சு வருகிறது. உடனே கொல்லன் களவு நூலையே எடுத்து விரித்து வாதாடுகிறான். அந்தத் தயக்கம் இருக்கிறதே, அதுதான் காப்பியத்திலேயே கொடிய இடம் என்பேன்.

'தெரிந்த கதைதானே ஐயா?' என்று கேட்பீர்கள். முடிவு தெரிந்தும் மனம் ஏன் பதைக்கிறது என்று கதைக்கலை ஆராய்வோர் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: என்ன நடக்கும் என்று அறிய நாம் கேட்கவில்லை; நடக்கக்கூடாதே என்று கேட்கிறோம். கோவலன் மீது பாசம் வைத்தபிறகு அறிவு சொன்னால் மனம் கேட்குமா?

கம்பனின் அனுமன் மட்டும் இதற்கு நேர்மாறு. சீதையைப் பார்த்துவிட்ட சேதியைத்தான் இராமனிடம் முதலில் சொல்கிறான். தவித்துக் கிடப்பவனிடம் போய் யாராவது கதை வளர்ப்பார்களா!

மாணவர்களே, அடுத்த ஆண்டு மேடையேறும்போது, கோவலன் காத்திருக்கும் இடத்தில் ஓடாதீர்கள். அங்கே நில்லுங்கள். காவலரின் காலடி அவையோருக்குக் கேட்கட்டும். பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை ஒத்திகை பார்க்கும்போது 'தெரியும், சீக்கிரம் சொல்லி முடி' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, 'ஐயோ, அப்புறம்?' என்று கேளுங்கள்.