முத்துக்கரை வழியே

ஜெர்மனியில் பவேரியாவுக்குப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் பீர் குடித்து, குன்றுக்குக் குன்று கோட்டை பார்த்துவிட்டு வருவார்கள். நம்ம தூத்துக்குடிச் சீமையில் கோட்டையைக் கும்பினிக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான். கள்ளுக்கு 1987 முதல் தடை. இருந்தாலும் ஒருமுறை வந்து பாருங்கள். கடலுக்குப் பின்னாலேயே துறைமுகம் இடம் மாறிக்கொண்டு போன கரை இது.

முதலில் கொற்கை. ஏரல் பக்கம், வயலும் வாழையுமாகக் கிடக்கிற சிற்றூர். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் இதுதான் என்றால் புதிதாக வருகிறவர் நம்பமாட்டார். தண்டனைக் கைதிகளை இறக்கி இங்கே முத்துக் குளித்தார்கள் என்று பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்க நூல் சொல்கிறது. இன்றைக்குக் கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறையைத் தூர்த்துவிட்டது. வெற்றிவேல் அம்மன் கோயிலையும், காலம் சொல்ல முடியாத ஒரு வன்னிமரத்தையும் பார்த்துவிட்டு நகரலாம்.

கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். திருச்செந்தூர் சாலையில் பழையகாயல் என்று பேருந்து நிறுத்தத்தில் பெயர் மட்டும் வரும். அங்கேயும் ஆறு வண்டலைக் கொட்ட, அடுத்த முறை வந்தது தூத்துக்குடிக்கு. போர்த்துக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று யார் வந்தாலும் கண் முத்தின் மேல்தான்.

அந்த முத்துக்குளிப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கே அதற்குச் சலாபம் என்று பெயர். சிப்பி விளையும் கடலடித் திட்டைப் ‘பார்’ என்பார்கள். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அடியில் ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருக்கிறவர் இழுத்துவிடுவார். கயிறு பிடிக்கிறவர் மேல் அவ்வளவு நம்பிக்கை. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்கிற ஆளுக்கும் கூலி உண்டு. மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. அது ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் சிப்பியைக் குவித்து அழுகவிடுவார். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கழுவி அலசித்தான் முத்துப் பொறுக்குவார்கள். ராணிகளின் கழுத்தில் ஏறிய முத்துக்கு அந்த நாற்றமும் பங்காளி!

கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. 1973இல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். குளிக்கிற தொழில் மட்டும் சங்கைத் தேடி இன்னும் நடக்கிறது. அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது.

ஊருக்குள் பனிமய மாதா கோயிலைத் தவறவிடாதீர்கள். மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். 1806இல் பரதவர் குலத்தலைவர் செய்துகொடுத்த பொன் தேர் எல்லா வருடமும் ஓடாது, எப்போதாவதுதான். ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு வந்தால் தங்க அறை கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கோட்டை பார்த்தே தீரவேண்டும் என்கிறவர்கள் ஒட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகலாம். அந்தக் கோட்டையை ஆண்ட கட்டபொம்மனை 1799இல் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரை திரும்பவும் எழுப்பிய கோட்டையை 1801இல் இடித்து, அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது எழும்பி நிற்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. எனக்கு அதைவிடப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிற பழைய அடித்தளங்கள்தான் பிடிக்கும்.

குடிக்க என்ன என்று கேட்பீர்கள். உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் பனைகள் நிற்கும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதுவே கள்ளாகிவிடும், சட்டம் குறுக்கே வரும். பங்குனி, சித்திரையில் காலையிலேயே போங்கள். பனையோலைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கவேண்டும். மிஞ்சுகிற பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி. வெயில் ஏறிவிட்டால் பதநீர் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் உடன்குடிக்குப் போக, திருச்செந்தூர் போகிற முதல் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.