குதிமுள்ளும் மண்தொட்டியும்

அயல்நாட்டுப் பச்சோந்தியை வளர்க்க விரும்புவோர் ஆணா பெண்ணா என்ற கேள்வியைப் பெரும்பாலும் நிறத்தையும் தலைக்கொண்டையின் உயரத்தையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். இது பிழையான வழக்கம். பச்சோந்தியைத் தேர்வு செய்ய வேண்டியது நிறத்தால் அன்று, மண்ணால். அதாவது, முட்டையிடும் ஓர் உயிருக்கு வேண்டிய மண்ணையும் குளிர்ச்சியையும் தனிமையையும் வீட்டில் தர முடியுமா என்பதால்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொடரும் சிப்காட் வளாகங்களைச் சுற்றிலும் ஏரிக்கரைகளும் வேலிக்காத்தான் புதர்களும் எஞ்சியிருப்பதால், இவ்வட்டாரத்தில் வசிப்போருக்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழகத்து முட்புதர்களில் வாழும் இந்தியப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஆணாயினும் பெண்ணாயினும் அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே இங்கு பேசப்படுவது ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட ஏமன் பச்சோந்தியைப் பற்றியே. அதற்கும் கட்டுப்பாடு உண்டு. அச்சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் அதையொட்டி 2024இல் வந்த விதிகளும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் திணிக்கப்பட்டுப் பிடிபடும் ஊர்வனவற்றைப் பற்றி நேயர்கள் செய்திகளில் பலமுறை கேட்டிருப்பார்கள். உரிய ஆவணம் இல்லாத பச்சோந்தியை ஆண், பெண் என்று ஆராயும் தேவையே இல்லை.

ஏமன் பச்சோந்தியில் பாலினத்தை அறிவது எளிது. ஆணின் பின்னங்காலில், பாதத்தின் பின்புறம், சேவலின் குதிமுள்ளைப் போன்று சிறு புடைப்பு ஒன்று முட்டையிலிருந்து வெளிவரும்போதே காணப்படும். பெண்ணுக்கு அது இல்லை. (இந்தியப் பச்சோந்தியின் ஆணுக்கும் இந்தக் குதிமுள் உண்டு.) நிறமோ கொண்டையோ குஞ்சுப் பருவத்தில் நம்பத்தக்க அடையாளங்கள் அல்ல. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திக்குக் குதிமுள் கிடையாது என்பதால், வாலின் அடிப்பகுதி ஆணுக்குத் தடிப்பதைக் காணச் சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

வளர்ந்த ஆண் வால் உட்பட ஒன்றரை அடிக்கும் மேல் நீண்டு, உயர்ந்த கொண்டையும் மஞ்சளும் பச்சையும் கலந்த பட்டைகளும் பெற்று, ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறது. பெண் ஓர் அடியளவே வளர்ந்து, அதைவிடக் குறைந்த காலமே வாழ்கிறது. இந்த ஒப்பீட்டோடு விற்பனையாளரின் பேச்சு முடிந்துவிடும். எனினும் பச்சோந்தி வளர்ப்பின் நுட்பம் முழுவதும் பெண்ணிடத்தில்தான் இருக்கிறது என்று துணிந்து கூறலாம். ஆணின் நிறம் பெரும்பாலும் வீறாப்பைக் காட்டுவது. பெண்ணின் நிறமோ அதன் உடல்நிலையையே அறிவிப்பது. கருவுற்ற பெண்ணின் வெளிர்பச்சை உடல் இருண்டு, அதன்மேல் மஞ்சளும் நீலமுமான புள்ளிகள் எழும்பி, தன்னை ஆண் நெருங்க வேண்டாம் என்று அறிவிப்பதைக் கண்டவர்கள், ஆண்தான் அழகு என்று மீண்டும் கூறத் தயங்குவர்.

ஆயினும் பெண்ணை வளர்க்க முற்படுவோர் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு: ஆணுடன் சேராமலே பெண் முட்டையிடும். ஆணைக் காணாத பெண்ணும் முட்டையிடும் என்பதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், இதை அறியாததாலேயே பல பெண் பச்சோந்திகள் இறக்கின்றன. ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடக்கூடிய உடல், தோண்டத் தகுந்த மண் கிடைக்காவிட்டால் அவற்றை வெளியேற்றாமல் அடக்கிக்கொள்ளும். முட்டைத் தேக்கம் எனப்படும் இந்நிலை உயிரைப் பறித்துவிடும்.

இதற்கான தீர்வு முட்டையிடும் மண்தொட்டி. ஓர் அடி ஆழத்துக்குக் குறையாத தொட்டியில், கழுவிய மணலும் மண்ணும் கலந்து, விரலால் துளையிட்டால் துளை சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்தி, கூண்டுக்குள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். முட்டையிடும் காலம் நெருங்கிய பெண் உணவை மறுத்து, கிளையைவிட்டு இறங்கித் தரையில் அலையும். பின்னர் முன்னங்கால்களால் மண்ணைக் கிளறி, பின்னங்கால்களால் வெளியே தள்ளிச் சுரங்கம் அமைக்கும். அவ்வேளையில் மனிதர் பார்ப்பதை உணர்ந்தால் வேலையைக் கைவிட்டுவிடக்கூடும் என்பதால், கூண்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைப்பது இன்றியமையாதது. அடுத்த நாளோ அதற்குப் பின்னரோ வயிறு ஒட்டி, மூக்கிலும் நகங்களிலும் மண்ணோடு அது மேலேறி வரும்போது, குழி மூடப்பட்டு, மேல்மண் மிதித்துச் சமன் செய்யப்பட்டிருக்கும். அப்போது அதற்கு வேண்டியவை நிறையத் தண்ணீரும் சுண்ணாம்புச்சத்துத் தூவிய பூச்சிகளும் ஓய்வும்.

முட்டைகளின் எண்ணிக்கை உணவையும் வெப்பத்தையும் பொறுத்தது. வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சிகள் மட்டும் தந்து, வெயில்காயும் இடத்தின் வெப்பத்தை 27 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால், ஈடு சிறுத்து உடல் தேறும். மிகுந்த தீனியும் மிகுந்த சூடும் அதை முட்டையிடும் பொறியாக்கி ஆயுளைக் குறைக்கும். ஒரகடத்தைச் சுற்றிய ஊர்களின் ஷீட் கூரை அறைகளில் மே மாதப் பிற்பகலில் இந்த அளவு எட்டாக்கனி. பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறிமாறி வரும் தொழிலாளர், பெண் தரையில் அலையும் அந்த ஓரிரு நாள்களைக் கவனிக்கத் தவறுவதும் இயல்பே. அத்தகையோர் ஆணைத் தேர்வதே முறை. காற்றோட்டமான வலைக்கூண்டும் இலைகளில் தெளிக்கும் நீரும் நிழலும் ஆணுக்கும் தேவை என்றாலும், அதற்கு முட்டைச் சுமை இல்லை.

ஜோடியாக வாங்குவது மட்டும் எவருக்கும் பொருந்தாது. பச்சோந்தி தனித்து வாழும் உயிர். அடுத்த கூண்டில் இன்னொன்றை எந்நேரமும் காண்பதே அதற்கு நலிவு தரும். பெண்ணையே விரும்புவோர் விலை பேசுவதற்கு முன்பே மண்தொட்டியைத் தயாரித்து, கூண்டு வைக்கப்போகும் மூலையில் ஒரு கோடைக்காலம் முழுவதும் வெப்பமானி வைத்து, பிற்பகல் இரண்டு மணி அளவையும் விடியற்காலை அளவையும் குறித்துக்கொள்ளலாம்.