நீளமும் சலிப்பும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் அருகி வழங்கும் சொல் ஒன்று உண்டு. அது 'லாங்கர்' என்பது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'நீளம்' என்பதே பொருள். ஆங்கிலத்தில் புகுந்தபின், ஒரு நூலிலோ நாடகத்திலோ இசையிலோ சலிப்பூட்டும் நெடும்பகுதியை அது குறிக்கலாயிற்று. பெரும்பாலும் பன்மையில் வரும். 1821-இல் வெளிவந்த 'டான் யுவான்' மூன்றாம் காண்டத்தில் பைரன் இதனை அயலார் சொல் என்று சுட்டியே ஆளுகின்றார். 'டீடியம்' என்னும் இலத்தீன் வழிச் சொல் உள்ளத்தில் தோன்றும் சலிப்பைச் சொல்லும். 'லாங்கர்' அச்சலிப்புப் பிறக்கும் இடத்தைச் சொல்லும். எனவே, "நாவல் நன்று, இடையிடையே லாங்கர்கள் உள" எனலாம்.

நம் தமிழில் சலிப்பு, அலுப்பு, சடைவு, ஆயாசம் எனச் சொற்கள் பல இருப்பினும், அவை யாவும் உள்ளத்தையும் உடலையும் சார்ந்தவை. நூலின்கண் அமைந்த குறைக்குப் பெயர் இல்லையோ எனின், உண்டு. தொல்காப்பிய மரபியலும், பவணந்தி முனிவரின் நன்னூலும் நூற்குற்றங்கள் பத்தினை வகுத்துள்ளன. நன்னூல் சொல்லும் மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல் ஆகியவை இங்கு நினையத்தக்கன. ஆங்கிலச் சொல் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லும் உறவினரைப் போன்றது. நன்னூலார் காய்ச்சலின் காரணம் காட்டும் மருத்துவரைப் போன்றவர்.

நீளமே குற்றம் அன்று. நம் வட்டாரச் சிற்றூர்களில் விடிய விடிய நிகழும் பாரதக் கூத்தை அமர்ந்து பார்ப்போர் சலிப்பதில்லை. மாறாக, நான் பணியாற்றிய தொழிற்கூடமொன்றில் இயந்திரத்தருகே ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. பன்னிரண்டு வரிகள், ஒரே வாக்கியம்! மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கை வைக்க வேண்டும் என்னும் செய்தி கடைசி வரியில் கிடந்தது. அவ்வரி வரை படித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஒரு நாள் இரவுப் பணியில் உடன் உழைத்த தோழர் விரலொன்றை இழந்தார். பிழை முழுவதும் அப்பலகையினுடையது என்று சொல்லேன். எனினும், மிகைபடக் கூறல் ஏட்டுக் குற்றம் மட்டும் அன்று என அன்று உணர்ந்தேன்.

அன்பர்களே! இரவுப் பணி முடித்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்தொடர் வண்டியில் வருவோரும், திருவள்ளூரிலிருந்து பேருந்தில் வருவோரும் உறக்கத்தை ஒத்திவைத்து இவ்வவையில் அமர்கின்றனர். ஒரே அசைவை நாள்முழுதும் செய்து வந்தவர்க்கு, கூறியதையே கூறும் உரையைப் பரிசளித்தல் அறமாகாது. எழுதியதை மீண்டும் படித்து, தேவையற்றதை நீக்குவோம். 'சலித்தல்' என்னும் சொல்லுக்கு மாவைச் சல்லடையில் இட்டுத் தூய்மை செய்தல் என்ற பொருளும் உண்டன்றோ! நாம் சலித்துத் தந்தால், கேட்போர் சலியார்.

என் உரையும் நீளுமுன் விடைபெறுகின்றேன்.