பனிக்குடிலுக்கு ஒரு பழைய வண்டி



சொல்லாக்கம் பற்றி உரையாற்றுமாறு எங்கள் இருவரையும் பணித்தார்கள். நாங்கள் இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்குள்ள பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர்கள். ஆயினும் சொல்லாக்கத்தைப் பற்றி நாங்கள் உருப்படியாகக் கற்றது வகுப்பறையில் அன்று. நார்வே நாட்டு மலை மேல், பழைய வண்டி ஒன்றினுள் கழித்த ஓர் இரவில்தான். அந்தப் பயணத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

எங்கள் நண்பர் ஒருவர் பெர்கன் நகரில் வாழ்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், எண்பதுகளின் இறுதியில் நார்வேக்குச் சென்றவர். வடகோடியில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்து, பின்னர்த் தெற்கே வந்து குடியமர்ந்தார். அவரிடம் 1987 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபோக்ஸ்வாகன் வண்டி ஒன்று உண்டு. அதை அவர் 'பஸ்' என்றே அழைக்கிறார். நாற்பது இருக்கை கொண்ட பேருந்தை நீங்கள் எண்ண வேண்டா. நாம் வேன் என்னும் வடிவத்தை ஜெர்மானியரும் 'பஸ்' என்பார்கள். இது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் 'சின்க்ரோ' வகை. 1985 முதல் 1992 வரை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஷ்டையர்-டைம்லர்-பூக் நிறுவனத்தார் இவற்றைக் கட்டினார்கள்.

இவ்வண்டியின் எந்திரம் பின்புறம் இருக்கிறது. இயல்பாகப் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுகின்றன. பின்சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுழலத் தொடங்கினால் முன்சக்கரங்களுக்கு விசை எவ்வாறு போகிறது? முன் அச்சின் அருகே ஒரு மூடிய பெட்டி உள்ளது. அதனுள் இரு தொகுதித் தட்டுகள் ஒன்றன் இடையே ஒன்றாக அடுக்கப்பட்டு, குழைவான சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. இரு தொகுதிகளும் ஒரே வேகத்தில் சுழலும்வரை எண்ணெய் சும்மா இருக்கும். ஒன்று விரைந்து மற்றொன்று பின்தங்கினால், அந்த எண்ணெய் பின்தங்கியதைப் பற்றி இழுக்கும். ஓட்டுநர் எதையும் தொட வேண்டுவதில்லை. எண்ணெயின் இப்பண்பைப் பாடநூல்கள் 'பாகுநிலை' என்கின்றன. சமையலறையில் வெல்லம் காய்ச்சியவர்கள் தந்த சொல் அது. அச்சொல்லை ஆக்கியவர் பாகைக் கரண்டியால் கிளறிப் பார்த்தவராகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பயணம் மார்ச்சு மாத இறுதியில். நாங்கள் இருவர், நண்பர், பதினைந்து வயதுடைய அவர் மகள் என நால்வர். கடல்மட்டத்தில் உள்ள பெர்கனிலிருந்து புறப்பட்டு, 1,310 மீட்டர் நீளத் தொங்கு இடைவெளி கொண்ட ஹர்டாங்கர் பாலத்தைக் கடந்து, ஹர்டாங்கர்விட்டா என்னும் மேட்டுநிலத்தின் மீது ஏறினோம். அங்கே 7 ஆம் எண் நெடுஞ்சாலை 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து செல்கிறது. மரமில்லாத அவ்வெளியில் காற்று எழுந்தால் சாலையை அடைத்துவிடுவார்கள். அப்போது வண்டிகள் தடுப்பருகே வரிசையில் காத்திருக்க, பனி அகற்றும் வண்டி முன்செல்ல, அதன் பின்னே ஒன்றையொன்று விடாமல் தொடர வேண்டும். சாலையின் இருமருங்கும் நட்ட உயரமான கம்புகளே எல்லை. அன்று நாங்களும் ஒரு மணி நேரம் காத்திருந்து அவ்வாறே சென்றோம்.

மலையடிவாரத்தில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியிருந்தது. மேலே ஏற ஏற அது இறங்கியது. பனியும் மாறிக்கொண்டே வந்தது. நண்பர் ஓட்டியவாறே சொல்லிக்கொண்டு வந்தார்:

"அண்ணை, இது ஸ்லப்ஸ். கவனமா ஓட வேணும், வழுக்கும். மேலை க்ராம் இருந்தால் சக்கரத்திலை ஒட்டும். நாளைக்கு ஸ்காரெ பிடிச்சால் நல்லம், நடக்கலாம். ஃபொக் வந்தால்தான் கரைச்சல்."

முழுக்க முழுக்க யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் பனியைக் குறித்த சொற்கள் அனைத்தும் நார்வேஜிய மொழி. பின்னிருக்கையிலிருந்து மகள் கேட்டாள்:

"அப்பா, இதுகளுக்குத் தமிழிலை என்ன பேர்?"

"எல்லாம் பனிதான் பிள்ளை."

"அப்பிடித்தான் கட்டுரையிலை எழுதினனான். பனியிலை போனம், பனி ஈரமா இருந்தது, பிறகு பனி இறுகினது எண்டு. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதாதை எண்டு மிஸ் சொன்னவா."

அவள் வார இறுதியில் தமிழ் படிக்கிறாள். ஒரே சொல்லைத் திருப்பி எழுதாதே என்று நாங்களும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். மாற்றாக நாங்கள் கொடுத்தவை எவை? 'வெண்பட்டுப் போர்த்தியது போல்', 'வெள்ளிக் கம்பளம் விரித்தது போல்' என்னும் தொடர்கள். பனியையே காணாத பிள்ளைகள் அவற்றை மனனம் செய்து எழுதினார்கள். நாங்களும் மதிப்பெண் இட்டோம். பனியிலேயே வளரும் இப்பிள்ளைக்கு அத்தொடர்களால் பயன் ஒன்றுமில்லை. சக்கரம் வழுக்குமா, கால் புதையுமா, வழி மறையுமா என்பதையன்றோ அவள் சொல்ல விரும்புகிறாள்!

நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சிறு வழியில் பனி காலளவு கிடந்தது. நண்பர் 'ஜி' என்று குறிக்கப்பட்ட கியரைப் போட்டார். கரடுமுரடான நிலத்தில் ஊர்ந்து செல்வதற்கென இவ்வண்டியில் வைத்த மிகத் தாழ்ந்த கியர் அது. பின்சக்கரங்கள் ஒருமுறை வெறுமனே சுழன்றன. உடனே முன்சக்கரங்கள் பற்றிக்கொண்டன. வண்டி நிறுத்துமிடத்தை அடைந்தோம். அதற்கு மேல் வண்டி போகாது. சாலையற்ற நிலத்தில் எந்திர வண்டி ஓட்டுவதை 1977 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. எத்தகைய வண்டி ஆயினும் இறுதித் தொலைவு காலால் கடக்க வேண்டியதே.

குடிலுக்கு அரைநாள் நடை. பனி மிதியடிகளைக் கட்டிக்கொண்டு, உணவையும் உடையையும் சறுக்குத் தொட்டியில் வைத்து இழுத்தவாறு புறப்பட்டோம். வழியைக் காட்டப் பிர்ச் மரக் கிளைகளைப் பனியில் நட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். காற்று எழுந்தது. மேலிருந்து பனி பெய்யவில்லை. தரையில் கிடந்த பனியே எழுந்து ஓடியது. ஐந்து கிளைகள் முன்னே தெரிந்தன, பின்னர் மூன்று, பின்னர் ஒன்று.

"ஃபொக்," என்றார் நண்பர். "அண்ணை, அக்கா, திரும்புவம்."

பாதி வழி வந்துவிட்டோமே என்றோம். அவர் அசையவில்லை. 1967 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் மலையொழுக்க விதிகள் ஒன்பதும் அந்நாடெங்கும் பரப்பப்பட்டன. எட்டாவது விதி, காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அதனை அறிவார்கள். மகள் மறுசொல் பேசாமல் தொட்டியைத் திருப்பினாள். தன் தந்தை சொன்ன ஒற்றைச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கோ அது தெரியவில்லை. 'பனி' என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், தொடர்ந்து நடந்திருப்போம்.

இரவை வண்டியிலேயே கழித்தோம். கூரையை உயர்த்தினால் மேலே இருவர் படுக்கலாம், கீழே இருவர். அடுப்பில் தேநீர் கொதித்தது. மகள் தன் கட்டுரை ஏட்டை எடுத்தாள். நால்வரும் சொல் தேடத் தொடங்கினோம்.

முதலில் ஓர் ஐயம் எழுந்தது. பனிக்கு ஒரே சொல் வைத்திருப்பது தமிழின் வறுமையா? அன்று. எம் முன்னோர் கண்ட பனி புல் நுனியில் நின்றது. மார்கழியில் உடலை நடுக்கியது. அதற்கு முன்பனி, பின்பனி எனப் பருவமே வகுத்தார்கள். கல்லாய் விழுந்ததை ஆலங்கட்டி என்றார்கள். நார்வேஜியரோ நெல்லையும் அரிசியையும் சோற்றையும் 'ரீஸ்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். உமி, தவிடு, நொய், பொரி, அவல் என நமக்குப் பிரிந்து தெரிபவை அவர்களுக்குப் பிரிந்து தெரிய வேண்டிய தேவை எழவில்லை. மக்கள் கைபட்டு உழைக்கும் இடத்தில் சொற்கள் கிளைக்கின்றன. இன்று தமிழர் பனியிலும் உழைக்கிறார்கள். ஆகவே அங்கும் தமிழ் கிளைக்க வேண்டும்.

ஸ்லப்ஸ் என்பது உருகிய, நீரோடு கலந்த பனி. "கூழ் மாதிரி," என்றார் நண்பர். அவர் நாவில் ஒடியற் கூழின் நினைவு. கூழ்ப்பனி என்று எழுதினாள். க்ராம் என்பது கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரப்பனி. பிடிகொழுக்கட்டை நினைவுக்கு வந்தது, பிடிபனி ஆயிற்று. ஃபொக், காற்று வாரி ஓட்டும் பனி. களத்தில் நெல் தூற்றும்போது பதர் பறப்பதை நண்பர் கைகளால் நடித்துக் காட்டினார். தூற்றுபனி என்றோம்.

ஸ்காரெயில் தடுக்கினோம். பகலில் சற்றே உருகிய மேற்பரப்பு இரவில் உறைந்து கெட்டியாவது அது. நாங்கள் இருவரும் ஆசிரியர்களுக்குரிய உறுதியோடு 'இறுகுபனி' என்றோம். மகள் ஒப்பவில்லை.

"மாமி, பிடிபனியும் இறுகும்தானே? இது மேலை மட்டும்தான் இறுக்கம். கீழை மெத்தெண்டு இருக்கும்."

அவள் சொன்னது சரி. எங்கள் சொல்லை அடித்தோம். திரும்புவதில் வெட்கமில்லை என்னும் விதி சொல்லுக்கும் பொருந்தும். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நண்பர் தம் முழங்கையில் இருந்த பழைய தழும்பைத் தடவியவாறே, "காயத்திலை பொருக்குத் தட்டுற மாதிரி," என்றார். மேலே கடினம், கீழே மென்மை. வற்றிய குளத்தின் சேறும் காய்ந்தால் பொருக்கு எழும்பும். பொருக்குப்பனி! வேறு எச்சொல்லும் அவ்விடத்தில் பொருந்தியிராது.

டீசலையும் டயரையும் கியரையும் அவள் அப்படியே எழுதினாள். நாங்கள் மாற்றவில்லை. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது எங்கள் நோக்கமன்று. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாமல் ஒரு பிள்ளை எழுதுகோலைக் கீழே வைக்கக் கூடாது என்பதே நோக்கம்.

விடியற்காலையில் காற்று ஓய்ந்திருந்தது, கடுங்குளிர். மகள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து அழுத்திப் பார்த்தாள். கால் புதையவில்லை.

"அப்பா, பொருக்குப்பனி!" என்றாள்.

தந்தை எழுந்து காலணியைக் கட்டத் தொடங்கினார். முதல் நாள் இரவு பிறந்த சொல், மறுநாள் காலையில் வேலைக்கு வந்துவிட்டது.

நண்பகலுக்கு முன் குடிலை அடைந்தோம். 1868 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நார்வே மலைப்பயணச் சங்கத்தின் குடில்களுள் அதுவும் ஒன்று. காவலர் இல்லை. உறுப்பினரிடம் உள்ள பொதுச்சாவியால் திறக்கலாம். விறகும் அரிசியும் தகரத்தில் அடைத்த உணவும் அடுக்கப்பட்டிருக்கும். எடுத்ததை நாமே எழுதி, பணத்தை நாமே செலுத்த வேண்டும். பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். புறப்படுமுன் தரையைக் கூட்டி, அடுத்து வருவோருக்கு விறகு பிளந்து வைக்க வேண்டும்.

மேசை மேல் குடிலின் ஏடு கிடந்தது. வந்தவர் எங்கிருந்து வந்தார், எவ்வழியே செல்கிறார், வழி எத்தகையது என்று எழுதிச் செல்வது அங்கு மரபு. ஒருவர் காணாமற்போனால் தேடுவோருக்கு அதுவே துணை. மகள் முதலில் நார்வேஜிய மொழியில் எழுதினாள். அதன் கீழே தமிழில் எழுதினாள்: "நேற்றுத் தூற்றுபனி, திரும்பினோம். இன்று பொருக்குப்பனி, வந்து சேர்ந்தோம்."

ஆசிரியப் பெருமக்களே, அவ்விரண்டு வரிகளில் உவமை இல்லை, அணி இல்லை. எனினும் எங்கள் முப்பது ஆண்டுகளில் நாங்கள் திருத்திய பல கட்டுரைகளைவிட அவ்வரிகளையே உயர்வாகக் கருதுகிறோம். பின்னால் வரும் ஒருவர் அவற்றை நம்பி நடக்கலாம். உங்கள் மாணவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறி நிற்கும்போது, அகராதியைத் திறக்குமுன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: அப்பொருள் என்ன செய்கிறது? கையில் ஒட்டுகிறதா, காலை விழுங்குகிறதா, கண்ணை மறைக்கிறதா? விடை சொல்லத் தொடங்கும்போதே சொல்லும் அருகில் வந்துவிடும். அது அடுக்களையிலிருந்து வரலாம், வயலிலிருந்து வரலாம், ஆறிய காயத்திலிருந்தும் வரலாம்.

மாணவர்களே, பழைய வண்டி எங்களைச் சாலையின் முடிவுவரை கொண்டு சேர்த்தது. நாங்கள் கற்பித்த தமிழும் உங்களை ஓரிடம்வரை கொண்டு செல்லும். அதற்கப்பால் உள்ளதை நீங்களே நடந்து பார்த்துப் பெயரிட வேண்டும். பொருந்தாத பெயரை வைத்துவிட்டால் அஞ்ச வேண்டா; திரும்பி வந்து மீண்டும் தொடங்குங்கள்.