நாணய மாற்றும் நம் வணிகர்களும்
(ஜமாஅத் வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளை நம்மில் பலர் கண்டிருப்போம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் அங்கே அக்கசாலை இயங்கியது. 1736-இல் நவாப் தோஸ்த் அலி கான் புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். நாணயம் அடிப்பது ஆட்சியாளரின் உரிமையாக இருந்தது. அதை மாற்றிக் கொடுப்பது சராப்புகளின் தொழிலாக இருந்தது. அவர்கள் பிடிக்கும் வட்டம் வணிகரின் இலாபத்தைக் கரைத்தது. ஆகவே நாணய மாற்றில் அரசு தலையிடுவது நம் கரைக்குப் புதிதன்று.

மார்க்கத்திற்கும் புதிதன்று. பராஃ இப்னு ஆஸிப் (ரலி), ஸைத் இப்னு அர்கம் (ரலி) ஆகிய இருவரும் வணிகர்கள். நாணய மாற்றைப் பற்றி அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வினவியபோது, கைக்குக் கை என்றால் குற்றமில்லை, தவணை என்றால் கூடாது என்ற விளக்கம் கிடைத்தது. பின்னர் ஒருமுறை, மாலிக் இப்னு அவ்ஸ் நூறு தீனாரை மாற்ற வந்தார். தல்ஹா (ரலி) அவர்கள் பொன்னைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் கருவூலக்காரர் வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். அருகிலிருந்த உமர் (ரலி) அவர்கள், பணத்தைப் பெறாமல் பிரியக் கூடாது என்று மாலிக்கைத் தடுத்தார்கள். தல்ஹா (ரலி) அவர்களின் நாணயத்தில் யாருக்கு ஐயம்? ஆயினும் கலீஃபா விதியைத் தளர்த்தவில்லை.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். சுற்றுலாப் பயணியிடம் ரூபாய் கொடுத்து டாலரையும் யூரோவையும் வாங்குவது, விடுமுறையில் வருவோரின் ரியாலையும் சேர்த்துத் தரகரிடம் ஒப்படைப்பது, பணத்தை அடுத்த வாரம் பெறுவது: இதில் சட்டமும் மீறப்படுகிறது, ‘கைக்குக் கை’ என்ற நிபந்தனையும் மீறப்படுகிறது.

1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் சிறைத்தண்டனையைக் காட்டி மிரட்டியது. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் பெரும்பாலும் அபராதத்தோடு நிற்கிறது. அதனால் இலேசானது என்று எண்ணிவிட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெறாதவரோடு அந்நியச் செலாவணிக் கொடுக்கல் வாங்கலை 3-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் தொகையைப் போல் மும்மடங்கு வரை அபராதம் விதிக்க 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அபராதத்தை 90 நாட்களுக்குள் செலுத்தாவிடில் சிவில் சிறையும் உண்டு.

உண்டியலும் இதே தடைக்குள் அடங்கும். அங்கே திர்ஹம் கொடுத்தால் இங்கே வீட்டு வாசலில் ரூபாய் வருகிறது, வங்கியை விடச் சில காசு கூடவும் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் ஆள் தலைமறைவானால் தங்கையின் திருமணத்திற்கு அனுப்பிய பணத்தை எந்த ரசீதைக் காட்டிக் கேட்பது? அப்பணத்தில் மனை வாங்கினால், வருமான வரித்துறை வினவும்போது எதைக் காட்டுவது?

அங்கீகாரம் பெற வேண்டும் என்று ஷரீஅத்தில் இல்லையே என்று சில இளைஞர்கள் நம்மிடம் கேட்டனர். பாவத்தை ஏவாத, பொதுநலன் கருதிய விதியைப் பேணுவது நாம் இந்நாட்டோடு செய்துள்ள உடன்படிக்கையில் அடங்கும். வங்கிக் கணக்கில் வரவு வைப்பதும் கைப்பற்றுதலே என்று இக்கால ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்றிருப்பதால், வங்கிவழி அனுப்புவதில் மார்க்கத் தடையும் இல்லை.

கையில் வெளிநாட்டு நோட்டு உள்ளவர்கள் வங்கிக்கோ அங்கீகாரம் பெற்ற நாணயமாற்று நிலையத்திற்கோ செல்லுங்கள். உரிமச் சான்று கண்ணில் படும்படி மாட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ரசீதைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று எண்ணிய பிறகு புறப்படுங்கள்.